வயலைப் பார்த்தேன், விதைப்பானையைப் பார்க்கவில்லை

போன இதழுக்கு வந்த கேள்விகளில் ஒன்றை எனக்கு அனுப்பி, நான்கு வரியில் பதில் எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருந்தார். முதுகுளத்தூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் அது. 'எங்களுக்கு ரெண்டு ஏக்கர் மானாவாரி. மழை ஏமாத்தினாலும் வீட்டில் சாப்பாட்டுக்குக் குறை வராமல் இருக்க என்ன செய்யணும்?' இவ்வளவுதான் கேள்வி.

நான் வேளாண்மைத் துறையில் சேர்ந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. எந்த ரகம் போடலாம், இலைப்பேனுக்கு என்ன மருந்து, மானியம் எப்போது வரும் என்று எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். 'வீட்டில் சாப்பாட்டுக்கு' என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் அதைக் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதால் ஒரு வீட்டில் என்ன நடந்தது என்பதை மறைத்துவிட்டு இந்தச் சகோதரிக்குப் பதில் எழுத எனக்கு மனசு வரவில்லை. அதனால் நான்கு வரி, நான்கு பக்கமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கெடுக்கப் போன நாள்

2016-ஐ நம் விவசாயிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தமிழ்நாட்டுக்குச் சராசரியாகக் கிடைக்க வேண்டிய மழை 440 மி.மீ. அந்த வருஷம் கிடைத்தது 168 மி.மீ. 62 சதவிகிதம் குறைவு. 2017 ஜனவரியில், மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

அப்போது எனக்கு ராமநாதபுரம் மாவட்டத்தில் வேலை. இந்த மாவட்டத்து விவசாயம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆவணியில் காய்ந்த புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். அந்த வருஷம் புரட்டாசியில் பெய்த சிறு தூறலை நம்பி நெல் முளைத்தது. அப்புறம் மழையைக் காணோம். முளைத்தது கருகியது. சிலர் அழித்து மறுபடி விதைத்தார்கள். அதுவும் கார்த்திகைக்குள் கருகியது. கண்மாய்களில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊருணி வற்றி, பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு தண்ணீருக்கு அலைந்தார்கள்.

பொங்கலை ஒட்டி நாங்கள் கணக்கெடுக்கப் போனோம். கிராம நிர்வாக அலுவலர், உதவி வேளாண் அலுவலர், நான். சர்வே எண் வாரியாக வயலைப் பார்க்க வேண்டும். 33 சதவிகிதத்துக்கு மேல் சேதம் இருந்தால் நிவாரணம் உண்டு. நெல்லுக்கும் மற்ற இறவைப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு 5,465 ரூபாய், நெல் தவிர்த்த மானாவாரிப் பயிருக்கு 3,000 ரூபாய். பட்டா யார் பெயரில், அடங்கலில் என்ன பயிர், வங்கிக் கணக்கு எண் என்ன என்று பார்த்துப் படிவத்தில் எழுதுவோம். ஒரு நாளைக்கு ஏழெட்டு ஊர். சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

ஒரு ஊரில், ஒன்றரை ஏக்கர் துண்டு ஒன்றின் வரப்பில் வயதான ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். தலையில் முந்தானையைப் போட்டிருந்தார். நாங்கள் எழுதி முடித்து நகரும்போது கேட்டார்.

"எழுதிக்கிட்டீகளாய்யா?"

"எழுதியாச்சு அப்பத்தா."

"எம் பேரக் கேக்கவே இல்லையே?"

கிராம நிர்வாக அலுவலர் என் காதருகே வந்து, "வாரத்துக்குப் பாக்குறாங்க சார். பட்டா இவங்க பேர்ல இல்ல. நிலத்துக்காரர் வெளியூர்ல இருக்கார்" என்றார். விதை, உழவு, களைக்கூலி எல்லாம் அப்பத்தாவுடையது. நிலம் மட்டும் அவருடையது. எங்கள் படிவத்தில் நிலத்துக்காரர் பெயருக்குத்தான் கட்டம் இருந்தது. நான் அவர் பெயரை எழுதியிருந்தேன்.

"ரூல் அப்படித்தான் அப்பத்தா" என்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. "வெயில்ல நிக்கிறீக, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர்களுக்கே தண்ணீர் குடக்கணக்கில் விலைக்கு வந்துகொண்டிருந்த நேரம். மறுக்கக் கூடாதே என்று போனேன்.

அந்த வீட்டுக்குள்

ஓட்டு வீடு. மகன் திருப்பூரில், மருமகள் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடும் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அப்பத்தாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும். மூத்தவள் பேத்தி, ஒன்பதாவது படிக்கிறாள். சின்னவன் பால்வாடிக்குப் போகிறவன். மதியச் சாப்பாடு ரேஷன் அரிசிக் கஞ்சி, தொட்டுக்கொள்ளக் கடித்துக்கொள்ள ஒரு பச்சை மிளகாய், உப்பு. பையனின் தட்டிலும் அதேதான்.

மூலையில் மண்பானைகள் அடுக்கு. விதைக்கு வைக்கிற பானைகள் என்று பார்த்ததும் தெரிந்தது. "இந்தத் தடவை விதை மிச்சம் இருக்கா?" என்று பேச்சுக்குக் கேட்டேன். வரும் ஆவணிக்கு எத்தனை பேருக்கு விதை தேவைப்படும் என்று எங்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும்.

அப்பத்தா பானையை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். "ரெண்டு தடவ விதைச்சாச்சு. மிச்சத்தக் குத்திக் கஞ்சி வச்சாச்சு" என்றார். பிறகு கோபமே இல்லாமல் இன்னொன்று சொன்னார்.

"நீங்கதான முன்ன ஒரு நாள் பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில கூட்டம் போட்டீக. குருதவாலிய வச்சுக்கிட்டு என்னத்தப் பண்ணப் போறீக, காசு பாக்குற பயிராப் போடுங்கன்னு சொன்னீக. அது இருந்திருந்தா இந்தப் பானையில நாலு படி கெடந்திருக்கும்."

குருதவாலி என்று நம் பக்கம் சொல்வது குதிரைவாலியை. அந்தக் கூட்டம் எனக்கு நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே வட்டாரத்தில் இருந்தேன். படித்து வந்த வேகம். நெல்லுக்கும் மிளகாய்க்கும் பருத்திக்கும் கடன் உண்டு, விதை மானியம் உண்டு, விற்க வழி உண்டு. குதிரைவாலிக்கு அப்போது அப்படி எதுவும் இல்லை. 'குருவிக்குத் தீனி போடவா பயிர் வைக்கிறீங்க?' என்று மைக்கில் கேட்டுச் சிரிப்பு வாங்கினேன். அப்பத்தா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. எனக்குத்தான் நினைவு வந்தது.

வறட்சி வீட்டுக்குள் வரும் வரிசை

அதன்பிறகு அந்தக் கோடையில் நான் போன ஊர்களில் எல்லாம் வீட்டுக்குள்ளும் பார்க்கத் தொடங்கினேன். கிட்டத்தட்ட எல்லா வீட்டிலும் ஒரே வரிசை.

முதலில் போவது காயும் பயறும். மழை இல்லாததால் தட்டப்பயறு இல்லை, பண்ணைக்கீரை முளைக்கவில்லை, கொல்லையில் ஒரு கத்திரிச் செடி இல்லை. விலைக்கு வாங்கக் காசும் இல்லை. அடுத்து பால். வைக்கோல் விலை ஏற ஏற மாட்டை ஓட்டிச் சந்தையில் விடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்பதால் மாட்டுக்கு விலையே இருக்காது. அப்புறம் கோழி. அப்புறம் ஆடு, அதிலும் முதலில் கிடாய், கடைசியில் பெட்டை. பெட்டை ஆட்டை விற்றுவிட்டால் மழை வந்த பிறகும் அந்த வீடு எழுந்திருக்க மூன்று வருஷம் ஆகும். அப்புறம் தோடும் மூக்குத்தியும் அடகுக்குப் போகும். விதை உலைக்குப் போகும். கடைசியில் ஆள் ஊரை விட்டுப் போவார்.

இதில் ஒன்றுகூட எங்கள் படிவத்தில் கிடையாது. படிவத்தில் இருந்தது பயிர்ச் சேதம் எத்தனை சதவிகிதம் என்பது மட்டுமே.

நம் ஊரில் இப்போது யாரும் பட்டினியால் சாகிறதில்லை என்பது உண்மை. 1876 முதல் 78 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்தச் சீமையில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். இன்று ரேஷன் கடை இருக்கிறது. 2011 முதல் அரிசி இலவசம். மானிய விலையில் ஒரு கிலோ பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் கிடைக்கிறது. பள்ளியில் முட்டையோடு சத்துணவு இருக்கிறது. வறட்சி வருஷத்தில் நூறு நாள் வேலையை 150 நாளாக உயர்த்தினார்கள். இதெல்லாம் இல்லாவிட்டால் 2017 கோடையை அந்த ஊர்கள் தாண்டியிருக்காது. இதைக் குறைத்துச் சொல்கிறவன் அல்ல நான்.

ஆனால் வயிறு நிறைந்தது என்பதற்காக உடம்புக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று ஆகாது. ஐந்து பேர் வீட்டுக்கு ஒரு கிலோ பருப்பு எத்தனை நாள் வரும்? அதிலும் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிற பெண்ணுக்கு என்ன மிஞ்சும்? மூன்று வேளையும் வெறும் அரிசிக் கஞ்சி குடித்த பிள்ளைகளைப் பால்வாடி டீச்சர் எடை போட்டுக் காட்டினார். தராசு முள் நகரவில்லை.

எங்கள் வீட்டுக் குலுக்கை

எனக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. நான் பிறந்தது விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் காட்டில். வீட்டில் ஆள் உயரத்துக்கு மண் குலுக்கை ஒன்று இருந்தது. அதில் குருதவாலியும் சோளமும் கிடக்கும். உமி நீக்காத குருதவாலி இரண்டு மூன்று வருஷம் வைத்திருந்தாலும் சீக்கிரம் பூச்சி விழாது. நான் ஏழாவது படிக்கும்போது மழை பொய்த்தது. அந்த வருஷம் நாங்கள் அரிசியைக் கண்ணால் பார்த்தது தீபாவளிக்கு மட்டும்தான். ஆனால் குலுக்கையில் அடியோட்டை வழியே தானியம் வந்துகொண்டே இருந்தது. காலையில் சோளக்கஞ்சி, ராத்திரி குருதவாலிச் சோறு, தொட்டுக்கொள்ள மிதுக்கவத்தல், மொச்சைக் குழம்பு. நாங்கள் ஏழைகள்தான். ஆனால் பட்டினி கிடந்ததாக எனக்கு நினைவில்லை. அந்தக் குலுக்கைச் சோற்றைத் தின்று படித்துத்தான் விவசாயப் பட்டம் வாங்கினேன். வாங்கிக்கொண்டு வந்து, குலுக்கையில் இருந்ததைக் குருவித் தீனி என்று சொன்னேன்.

அதே நேரம் பழையதெல்லாம் பொன் என்று சொல்லவும் நான் வரவில்லை. என் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உரலில் குருதவாலி குத்துவார். கை காய்ப்புக் காய்த்திருக்கும். ரேஷன் அரிசி வந்ததும் முதலில் சந்தோஷப்பட்டது அம்மாதான். சிறுதானியத்தை நம் வீடுகள் விட்டதற்கு என் போன்றவர்களின் பேச்சு மட்டும் காரணம் இல்லை. அந்த உலக்கையும் ஒரு காரணம். உமி நீக்கும் இயந்திரம் பக்கத்தில் இல்லாமல், குதிரைவாலி போடுங்கள் என்று ஆண்கள் முடிவெடுத்தால் அந்தப் பாரம் பெண்கள் தலையில்தான் விழும்.

அப்பத்தாவுக்கு நடந்தது

நிவாரணப் பணம் கோடையில் நிலத்துக்காரர் கணக்குக்கு வந்தது. நான் அவருக்குப் போன் செய்தேன். "பார்க்கலாம் சார்" என்றார். மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. அப்பத்தாவுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. அந்த வருஷம்தான் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியிருந்தது. வாரத்துக்குப் பயிர் செய்கிறவரும் அதில் சேரலாம். ஆனால் சாகுபடி செய்வது தான் என்பதற்குச் சான்று வேண்டும். அந்தச் சான்றை வாங்கச் சொல்லி விதைப்புக்கு முன்பே நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வரப்பில் நின்ற அவரை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை.

பெட்டை ஆடு மூன்றையும் மாசியில் விற்றார்கள். ஜூனில் பள்ளி திறந்தபோது பேத்தி பத்தாவதுக்குப் போகவில்லை. நூல்மில் வேன் ஊருக்கு வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அவளும் போயிருந்தாள். தலைமையாசிரியரோடு நான் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "அவ அனுப்புற காசுலதான்யா சின்னவனுக்குப் பால் வாங்குறோம்" என்றார் அப்பத்தா. எனக்கு மேலே பேச வாய் வரவில்லை.

2017 ஆவணிக்கு முன், பக்கத்துத் தாலுகாவில் இன்னும் குதிரைவாலி போடுகிற ஒருவரிடம் விதை வாங்கி அப்பத்தாவுக்கு இரண்டு கிலோ கொண்டுபோய்க் கொடுத்தேன். அரை ஏக்கருக்கு அது போதும். மீதி ஒரு ஏக்கரில் நெல்லே போட்டார். அடுத்த தையில் நான் போனபோது பானையில் விதை இருந்தது. மேலே வேப்பிலை போட்டு மூடியிருந்தார். பேத்தி பள்ளிக்குத் திரும்பவில்லை. விதையைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அந்த வருஷத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

சகோதரியின் கேள்விக்கு என் பதில்

உங்கள் இரண்டு ஏக்கரில் ஒன்றரை ஏக்கரை வழக்கம்போல் நெல்லுக்கோ மிளகாய்க்கோ வையுங்கள். காசும் வேண்டும். மழை குறைகிற பகுதியில் நெல் போட்டால் பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த அண்ணா 4 போன்ற, 100 நாளை ஒட்டி அறுப்புக்கு வரும் ரகத்தைப் பாருங்கள்.

மீதி அரை ஏக்கரை வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். விற்பதற்கு இல்லை, சாப்பிட. கணக்கு இதுதான். ஐந்து பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை, 100 கிராம் குதிரைவாலி அரிசி என்று வைத்தால் ஒரு நாளைக்கு அரை கிலோ. வருஷத்துக்கு 180 கிலோ சொச்சம். நூறு கிலோ தானியம் குத்தினால் ஏறக்குறைய 60 கிலோ அரிசி தேறும். ஆக 300 கிலோ தானியம் வேண்டும். ஏக்கருக்கு 600 கிலோ விளைகிற வருஷத்தில் அரை ஏக்கரே இதைக் கொடுத்துவிடும். நல்ல மழை வருஷத்தில் மிஞ்சுவதை விற்காமல் அடுத்த வருஷத்துக்கு வையுங்கள். குலுக்கை இல்லாவிட்டால் மூடியுள்ள டிரம் போதும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. நேரடி விதைப்பு நெல்லுக்கு ஏக்கருக்கு 30 கிலோவுக்கு மேல் விதை வேண்டும். குதிரைவாலிக்கு 4 முதல் 5 கிலோ போதும். முளைத்தது கருகி மறுவிதைப்புப் போட வேண்டி வந்தால் எது உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் கை வைக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 95 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். வரப்போரத்திலும் ஊடாகவும் தட்டப்பயறு, மொச்சை ஊன்றுங்கள். கஞ்சிக்குப் பக்கத்தில் பயறு இருந்தால்தான் பிள்ளைக்குச் சதை பிடிக்கும்.

விதையைச் சாப்பாட்டுத் தானியத்தோடு சேர்த்து வைக்காதீர்கள். தனிப் பானை, தனி இடம். நன்றாகக் காயவைத்து, வேப்பிலையோ நொச்சி இலையோ போட்டு மூடுங்கள். இரண்டு தடவை விதைக்கக் காணும் அளவு இருக்கட்டும். முடிந்தால் உங்கள் மகளிர் குழுவில் பத்து வீடு சேர்ந்து ஒரு பொது விதைப்பானை வையுங்கள். எடுத்தவர் அறுப்பில் ஒன்றுக்கு ஒன்றேகாலாகத் திருப்பித் தரட்டும். உமி நீக்கும் இயந்திரத்தையும் குழுவாகக் கேட்டால்தான் கிடைக்கும். தனி ஆளாகக் கேட்டால் நடக்காது.

குத்தகைக்கோ வாரத்துக்கோ பயிர் செய்கிறவர்கள் விதைத்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போய், சாகுபடி உங்களுடையது என்று சான்று வாங்குங்கள். அதைக் கொண்டு காப்பீட்டில் சேருங்கள். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவிகிதம்தான் நீங்கள் கட்டுவது. கடைசித் தேதியை முன்னதாகவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். நெல்லுக்கு இழப்பீடு உங்கள் ஒரு வயலை வைத்துக் கணக்கிடுவது இல்லை. கிராமத்தின் சராசரி மகசூலை வைத்துத்தான். அதனால் காப்பீடு வரும் என்று நம்பிக் குலுக்கையைக் காலியாக விடாதீர்கள்.

எவ்வளவு நெருக்கடி வந்தாலும் ஒரு பெட்டை ஆட்டையும் நாலு முட்டைக் கோழியையும் விற்காமல் பிடித்து வையுங்கள். பால்வாடியில் தருகிற சத்துமாவை வாங்காமல் விடாதீர்கள். பிள்ளையின் எடையை மாதாமாதம் கேளுங்கள். மூன்று மாதம் எடை ஏறவில்லை என்றால், வயலில் பயிர் பச்சையாக இருந்தாலும் உங்கள் வீட்டில் வறட்சி வந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. இப்போதும் கணக்கெடுப்புக்குப் போகிறேன். படிவம் கிட்டத்தட்ட பழையபடியேதான். ஆனால் சட்டைப்பையில் தனியாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வயலிலும் 'விதைத்தது யார்?' என்று கேட்டு அவர் பெயரை எழுதிக்கொள்கிறேன். 'வீட்டில் என்ன இருக்கு?' என்று அடுத்து கேட்கிறேன். சான்று இல்லாதவர்களை அடுத்த விதைப்புக்கு முன் நானே தேடிப் போகிறேன். அப்பத்தாவின் பெயர் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

சகோதரி, குதிரைவாலி விதை உங்கள் பக்கம் கிடைக்காவிட்டால் ஆடி முடிவதற்குள் இந்த இதழுக்கு ஒரு கார்டு போடுங்கள். கிடைக்கிற இடத்தை விசாரித்துச் சொல்கிறேன். மற்ற வாசகர்கள், உங்கள் வீட்டில் இன்னும் பழைய விதை ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் எழுதுங்கள்.